கழுவிவிட்டால் முடிந்துவிடுவதில்லை: முத்துப்பிள்ளைக் கர்ப்பம் பற்றி ஒரு விளக்கம்

கோலாலம்பூரின் செந்தூலிலிருந்து ஒரு பெண் ஒன்பதாவது வாரத்தில் லேசான இரத்தப்போக்குடன் மருத்துவமனைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஸ்கேன் எடுத்த மருத்துவர் மலாயில் "மெங்கண்டோங் அங்கூர்" என்கிறார். அங்கூர் என்றால் திராட்சை. வீட்டுக்கு வந்து சொன்னால், பாட்டி "முத்துப்பிள்ளையா?" என்று கேட்கிறார். மருத்துவமனைக் கடிதத்தில் 'மோலார்' என்று எழுதியிருக்கிறது. மூன்றும் ஒரே நிலையின் பெயர்கள். இரண்டு நாளில் கர்ப்பப்பையைக் கழுவி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கரு கலைந்துவிட்டது, பாவம், அடுத்தது நல்லபடியாக அமையட்டும் என்று உறவினர்கள் ஆறுதல் சொல்கிறார்கள்.

ஆனால் மருத்துவர் அவரை விடுவதில்லை. வாரந்தோறும் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்க வரச் சொல்கிறார். சில மாதங்களுக்குக் கருத்தரிக்கக் கூடாது என்கிறார். தேவைப்பட்டால் கீமோ என்றும் சொல்லிவைக்கிறார். குடும்பம் திகைத்துப்போகிறது. இது கர்ப்பமா, கருச்சிதைவா, புற்றுநோயா? மூன்றையும் தொட்டு நிற்கும் ஒரு நிலை இது. அதனால்தான் இத்தனை குழப்பம்.

இந்தக் குழப்பத்துக்கு நம் பேச்சு வழக்கும் ஒரு காரணம். 'முத்துப்பிள்ளை' என்ற சொல்லில் பிள்ளை இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் உள்ளே பிள்ளை இருப்பதில்லை. 'கழுவியாகிவிட்டது' என்றால் காரியம் முடிந்தது என்று காது கேட்கிறது, ஆனால் இந்த நோயில் கழுவுவது முதல் படிதான்.

கருவுற்ற அந்த நொடியில் என்ன நடக்கிறது

இயல்பான கருவில் 46 குரோமோசோம்கள் இருக்கும். 23 தாயிடமிருந்து வரும், 23 தந்தையிடமிருந்து வரும். இரு பக்கமும் எண்ணிக்கையில் சமம், வேலையில் சமம் இல்லை. பொதுவாகச் சொன்னால், தந்தைவழி மரபணுக்களில் சில நச்சுக்கொடியை வளர்த்துவிடத் துடிப்பவை. தாய்வழி மரபணுக்களில் சில அதை அளவோடு பிடித்து நிறுத்துபவை. இந்தச் சமநிலை தவறும்போது நச்சுக்கொடித் திசு கட்டுமீறி வளர்கிறது. அதன் நுண்விரல்கள் ஒவ்வொன்றும் நீர் கோத்து, சிறு மணிகளாக உப்பி, கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. திராட்சை என்று மலாய்க்காரர்களும் முத்து என்று நம் முன்னோர்களும் பெயர் வைத்தது இந்த மணிகளைப் பார்த்துத்தான்.

இதில் இரண்டு வகை உண்டு. பின்னால் வரும் எல்லாமே இந்த வேறுபாட்டைப் பொறுத்தது.

1. முழு முத்துப்பிள்ளை: தாயின் குரோமோசோம்கள் இல்லாத வெற்று முட்டைக்குள் ஒரு விந்தணு நுழைந்து தன்னையே இரட்டித்துக்கொள்கிறது. சில சமயம் இரண்டு விந்தணுக்கள் நுழைகின்றன. எண்ணிக்கை 46 தான், ஆனால் அனைத்தும் தந்தையுடையவை. கரு உருவாவதே இல்லை. நச்சுக்கொடித் திசு மட்டும் வளர்கிறது.

2. பகுதி முத்துப்பிள்ளை: நல்ல முட்டைக்குள்ளேயே இரண்டு விந்தணுக்கள் நுழைந்துவிடுகின்றன. மொத்தம் 69 குரோமோசோம்கள். ஒரு கருவின் சாயல் தென்படலாம், சில வாரம் இதயத் துடிப்புகூட இருக்கலாம். ஆனால் அது உயிர் தரித்துப் பிறக்கக்கூடிய கரு அல்ல.

மிக அரிதாக, இரட்டையரில் ஒன்று நல்ல குழந்தையாகவும் மற்றொன்று முத்துப்பிள்ளையாகவும் இருப்பதுண்டு. அது தனிக் கதை. நிபுணர் குழு ஒன்று தாயோடு உட்கார்ந்து பேசித்தான் அங்கே முடிவெடுக்க வேண்டும்.

யார் மேலும் பழி இல்லை

பப்பாளி தின்றதால் வரவில்லை. பாரம் தூக்கியதால் வரவில்லை. மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனதால் வரவில்லை. கரு தரித்த முதல் கணத்திலேயே முடிவான விஷயம் இது. அந்தப் பெண்ணுக்குத் தான் கர்ப்பம் என்பதே அப்போது தெரியாது. 'எல்லாக் குரோமோசோமும் தந்தையுடையவை' என்று படித்துவிட்டுக் கணவனைக் குற்றம் சொல்வதும் அதே அளவு தவறு. அவர் உடலில் எந்தக் கோளாறும் இல்லை. இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. வீட்டில் பழிச்சொல் கேட்ட பெண், அடுத்த வாரம் இரத்தப் பரிசோதனைக்கு வெளியே கிளம்பவே கூசுவார்.

வயதுக்கு ஒரு பங்கு உண்டு. பதின்ம வயதின் தொடக்கத்திலும், அதைவிட மிகுதியாக 45 வயதுக்கு மேலும் இதற்கான வாய்ப்பு கூடுகிறது. மாதவிலக்கு நிற்கும் வயதில் இரத்தப்போக்கு ஏற்பட்டால் 'நிற்கப்போகிறது, அதனால்தான்' என்று ஒதுக்கிவிடாமல் ஒரு கர்ப்பப் பரிசோதனை செய்துபார்ப்பது நல்லது. ஆசிய வம்சாவளியினரிடம் இது அதிகம். பிரிட்டனில் கணக்கிட்டதில், ஆசியப் பெண்களிடையே சுமார் 387 உயிருள்ள பிறப்புகளுக்கு ஒரு முத்துப்பிள்ளை என்றும் மற்றவர்களிடையே 752 பிறப்புகளுக்கு ஒன்று என்றும் தெரியவந்தது. ஒரு முறை வந்தவருக்கு மறுபடியும் வரும் வாய்ப்பு 100இல் ஏறக்குறைய 1. இரண்டு மூன்று முறை தொடர்ந்து வந்தால், அல்லது சகோதரிகளுக்கும் வந்திருந்தால், மரபணு ஆலோசனை தேவை. என்எல்ஆர்பி7 என்ற மரபணுவில் பிழை உள்ள சில குடும்பங்களில் இப்படி நிகழ்வது அறியப்பட்டிருக்கிறது.

நாகதோஷப் பரிகாரம் செய்தால் மனம் ஆறும் என்றால் செய்துகொள்ளட்டும். பரிகார நாளும் இரத்தப் பரிசோதனை நாளும் மோதினால், பரிகாரத்தைத் தள்ளிவையுங்கள்.

எப்படித் தெரியவருகிறது

பழைய பாடநூல்கள் விவரிக்கும் அறிகுறிகள் இவை:

1. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் இரத்தப்போக்கு. சில சமயம் கூடவே நீர்மணிகள் வெளிவரும்.
2. மசக்கை என்று சொல்லித் தள்ளிவிட முடியாத அளவுக்குக் கடுமையான வாந்தி.
3. நாள் கணக்கைவிடப் பெரிதாகத் தெரியும் வயிறு.
4. 20 வாரத்துக்கு முன்பே இரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் தென்படுவது.
5. படபடப்பு, கை நடுக்கம், வியர்வை என்று தைராய்டு மிகைச் சுரப்பின் அடையாளங்கள்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றே. அதுதான் எச்.சி.ஜி. நச்சுக்கொடித் திசு சுரக்கும் ஹார்மோன் இது. வீட்டில் சிறுநீரைத் தொட்டுப் பார்க்கும் கர்ப்பப் பரிசோதனைக் குச்சி காட்டுவதும் இதைத்தான். திசு கட்டுமீறி வளரும்போது இது 100,000 அலகையும் தாண்டலாம். எச்.சி.ஜி.யின் உருவம் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனை ஒத்திருப்பதால், மிகையாகச் சுரக்கும்போது தைராய்டு சுரப்பி ஏமாந்து வேகமெடுக்கிறது. சூலகங்களிலும் நீர்க்கட்டிகள் வீங்கும். இன்னொரு விந்தையும் உண்டு. அளவு பல இலட்சங்களுக்கு ஏறும்போது, வீட்டுக் குச்சி திணறிப்போய் 'இல்லை' என்றோ மங்கலான கோடாகவோ காட்டிவிடும். மாதவிலக்கு தள்ளியிருக்கிறது, வாந்தியும் இருக்கிறது, குச்சி மட்டும் மறுக்கிறது என்றால் குச்சியை நம்பி வீட்டில் இருக்க வேண்டாம்.

இன்று நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. கோலாலம்பூரில் பலர் ஏழெட்டு வாரத்திலேயே ஸ்கேன் எடுத்துவிடுகிறார்கள். வயிறு பெருக்கும் முன்பே, அழுத்தம் ஏறும் முன்பே நோய் கண்ணில் படுகிறது. ஆனால் அந்தச் சீக்கிரமே ஒரு சிக்கலும் ஆகிறது. பனி பெய்வதுபோலத் திரை முழுவதும் வெண்புள்ளிகள் தெரியும் என்று பாடநூல் சொல்வது வளர்ந்துவிட்ட முழு முத்துப்பிள்ளையின் படம். எட்டாவது வாரத்தில் மணிகள் இன்னும் உப்பியிருக்காது. திரையில் தெரிவது கரு இல்லாத வெறும் கர்ப்பப் பை, அல்லது துடிப்பில்லாத கரு. பகுதி வகை என்றால் சாதாரணக் கருச்சிதைவு என்றே பெரும்பாலும் முடிவெடுப்பார்கள். அதில் மருத்துவரின் தவறு எதுவும் இல்லை. ஸ்கேனுக்கு உள்ள எல்லை அது.

ஆகவே, கடைசிச் சொல் சொல்வது ஸ்கேன் அல்ல, ஒரு சிறிய பிளாஸ்டிக் போத்தல். கழுவி எடுத்த திசுவை ஃபார்மலினில் போட்டு, பெயர் ஒட்டி, திசு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். நுண்ணோக்கியில் பார்த்தும் ஐயம் தீரவில்லை என்றால் பி57 என்ற புரதத்துக்குச் சாயமேற்றிப் பார்ப்பார்கள். அந்தப் புரதம் தாய் தந்த பிரதியிலிருந்துதான் உருவாகும். முழு முத்துப்பிள்ளையில் தாயின் பங்கே இல்லை, ஆகவே அங்கே சாயம் பிடிக்காது. ஒரு துளிச் சாயத்தில் இரண்டு வகைகளும் பிரிந்துவிடுகின்றன.

கருச்சிதைவு என்று சொல்லி எந்த மருத்துவமனையிலோ தனியார் கிளினிக்கிலோ கழுவினாலும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: "திசுவை ஆய்வுக்கு அனுப்பினீர்களா? முடிவு எப்போது வரும்?" கேட்டுவிட்டு முடிவை வாங்காமல் இருந்துவிட வேண்டாம்.

அகற்றும் முறை

மயக்க மருந்து கொடுத்து, கர்ப்பப்பை வாயை விரித்து, உறிஞ்சு குழாய் வழியாகத் திசுவை வெளியேற்றுவதே முதன்மையான முறை. முடிந்தால் ஸ்கேன் பார்த்தபடியே செய்வார்கள். மாத்திரை போட்டு வலி வரவழைத்து வெளியேற்றுவதை, சந்தேகம் இருக்கும்போதே மருத்துவர்கள் தவிர்க்கப் பார்ப்பார்கள். கர்ப்பப்பை இறுகும்போது திசுத் துணுக்குகள் இரத்த நாளங்களுக்குள் தள்ளப்படலாம் என்ற கவலைதான் காரணம். முன்கூட்டியே இரத்தம் தயாராக வைப்பதும், தைராய்டைச் சோதிப்பதும், மார்பு எக்ஸ்ரே எடுப்பதும் வீண் செலவல்ல. தைராய்டு கட்டுப்படாமல் மயக்க மருந்து கொடுத்தால் இதயம் தடுமாறக்கூடும். கர்ப்பப்பை மிகப் பெரிதாக இருந்தவர்களுக்கு அகற்றிய சில மணி நேரத்தில் மூச்சுத் திணறல் வரலாம், அதற்கும் தயாராக இருப்பார்கள். இரத்த வகை ஆர்எச் நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி பற்றிக் கேளுங்கள்.

பிள்ளைப்பேறு முடிந்த, நாற்பதைத் தாண்டிய சிலருக்குக் கர்ப்பப்பையையே எடுத்துவிடும் வழியும் உண்டு. எடுத்தாலும் இரத்தப் பரிசோதனையிலிருந்து விடுதலை இல்லை. செல்கள் அதற்கு முன்பே வேறிடம் போயிருக்கலாம்.

எண்ணைத் தொடர்வது

இனிமேல்தான் இந்த நோயின் முக்கியமான பகுதி. கழுவிய பிறகு கர்ப்பப்பைச் சுவரில் சில செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலானவர்களுக்கு அவை தாமாகவே மடிந்துவிடும். சிலருக்கு மடியாமல் பெருகி, சுவருக்குள் ஊடுருவும், அல்லது இரத்தம் வழியே நுரையீரலுக்குப் போகும். முழு வகையில் 100 பெண்களில் ஏறக்குறைய 15 முதல் 20 பேருக்கு இப்படி ஆகிறது. பகுதி வகையில் 5 பேருக்கும் குறைவு. இவர்கள் யார் என்று கழுவிய அன்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. உடம்பும் சொல்லாது. தொடக்கத்தில் வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, பசி நன்றாக எடுக்கும், வேலைக்கும் போகலாம்.

சொல்வது எச்.சி.ஜி. எண் மட்டும்தான். நோய்த் திசு எங்கே ஒளிந்திருந்தாலும் அது இந்த ஹார்மோனைச் சுரந்தே தீரும். இவ்வளவு நேர்மையான அடையாளத்தை வேறு எந்தக் கட்டியும் தருவதில்லை என்றே சொல்லலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. கழுவும் முன் எண் 186,000. ஒரு வாரத்தில் 9,400. பிறகு 1,150, 310, 96 என்று வாரந்தோறும் சரிகிறது. எட்டாவது வாரம் 5க்கும் கீழ். இது நல்ல சரிவு. இன்னொருவருக்கு 620 வரை இறங்கிய எண் அடுத்த வாரங்களில் 640, 615, 630 என்று நிற்கிறது. பார்க்க ஒன்றுமில்லாததுபோலத் தோன்றும், ஏறவில்லையே என்று மனம் சமாதானம் சொல்லும். ஆனால் ஏதோ ஒன்று உள்ளே உயிரோடு சுரந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அந்த நிற்றலே சாட்சி.

ஃபிகோ என்று அழைக்கப்படும் சர்வதேச மகளிர் மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பு வகுத்த வரையறை இதைத்தான் சொல்கிறது:

1. மொத்தம் மூன்று வார காலத்தில் வாரந்தோறும் எடுத்த நான்கு அளவுகள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றால்,
2. மொத்தம் இரண்டு வார காலத்தில் வாரந்தோறும் எடுத்த மூன்று அளவுகள் தொடர்ந்து ஏறினால்,
3. திசு ஆய்வில் கோரியோகார்சினோமா என்ற புற்றுநோய் உறுதியானால்,

சிகிச்சை தொடங்க வேண்டும்.

எண் இயல்புக்கு வந்த பிறகும் சில மாதம் தொடர்வார்கள். எவ்வளவு காலம் என்பது வழிகாட்டிக்கு வழிகாட்டி மாறும். பகுதி வகையில் ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்தால் போதும் என்பார்கள். முழு வகையில் மூன்று மாதமோ ஆறு மாதமோ ஆகலாம். உங்கள் மருத்துவர் சொல்லும் கணக்கே உங்கள் கணக்கு.

இந்தக் காலத்தில் கருத்தரிக்கக் கூடாது என்பதற்கும் காரணம் இந்த எண்தான். புதுக் கர்ப்பமும் எச்.சி.ஜி.யை ஏற்றும். ஏறுவது பிள்ளையா, நோயா என்று பிரித்தறியும் ஒரே கருவி மழுங்கிப்போகும். கருத்தடை மாத்திரை சாப்பிடலாம். கர்ப்பப்பைக்குள் வைக்கும் சாதனத்தை மட்டும் எண் இயல்புக்கு வரும்வரை தவிர்க்கச் சொல்வார்கள்.

பிள்ளை பெற்ற வீட்டில் தடுப்பூசி நாள் என்று குழந்தையே தாயைக் கிளினிக்குக்கு அழைத்துக்கொண்டு போகும். இங்கே அப்படி அழைக்கக் கையில் யாரும் இல்லை. காலி வயிற்றோடு, கர்ப்பிணிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அதே நடைக்கூடத்தைக் கடந்து, இரத்தம் கொடுக்கப் போக வேண்டும். பலர் நான்காவது ஐந்தாவது வாரத்தோடு நின்றுவிடுவது அலட்சியத்தால் அல்ல. அந்த நடைக்கூடத்தை ஒவ்வொரு வாரமும் கடப்பது அவ்வளவு கனமானது. கணவரோ அக்காவோ அத்தையோ ஒருவர் கூடப் போனால் அந்தக் கனம் குறையும். அரசாங்க மருத்துவமனையின் நிபுணர் கிளினிக்கில் குடிமக்களுக்கு வழக்கமான கட்டணம் 5 ரிங்கிட்தான். பணத்துக்காக யாரும் நிறுத்த வேண்டியதில்லை.

ஓய்வுக்காக ஈப்போவிலோ கெடாவிலோ உள்ள தாய்வீட்டுக்குப் போவது நம் வழக்கம். போகும் முன் மருத்துவரிடம் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் சோதனை முறை மாறும், எண்ணும் சற்று மாறும். கூடியவரை ஒரே ஆய்வகத்தில் தொடர்வதே சரி. தேதியும் எண்ணும் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள். வீட்டில் இருப்பவர்கள் அனைவர் கண்ணிலும் படட்டும்.

எண் இறங்காவிட்டால்

முதலில் உடல் முழுவதையும் பார்ப்பார்கள். நுரையீரல், கல்லீரல், தேவைப்பட்டால் மூளை. பிறகு ஃபிகோ மதிப்பெண் போடுவார்கள். வயது, முந்தைய கர்ப்பம் எது, எத்தனை மாதம் ஆயிற்று, எச்.சி.ஜி. அளவு, கட்டியின் அளவு, பரவிய இடம், பரவியவற்றின் எண்ணிக்கை, ஏற்கெனவே கீமோ தோற்றதா என எட்டுக் காரணிகள். கூட்டுத்தொகை 6 வரை இருந்தால் குறைந்த அபாயம். 7 அல்லது அதற்கு மேல் என்றால் அதிக அபாயம்.

குறைந்த அபாயத்துக்குப் பெரும்பாலும் மெத்தோட்ரெக்ஸேட் என்ற ஒற்றை மருந்து போதும். பரவலாகக் கையாளும் முறையில் ஒரு நாள் ஊசி, மறுநாள் ஃபோலினிக் அமிலம் என்று எட்டு நாள் மாறி மாறிப் போகும். இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று. வாய்ப்புண், கண் எரிச்சல் வரலாம். கீமோ என்ற சொல்லைக் கேட்டதும் பெண்கள் முதலில் தலைமுடியைத்தான் தொட்டுப் பார்க்கிறார்கள். இந்த மருந்தில் முடி வழக்கமாகக் கொட்டுவதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். கர்ப்பம் என்றதும் கொடுத்த ஃபோலிக் அமில மாத்திரைகள் வீட்டில் மிச்சம் இருக்கும். மருத்துவரைக் கேட்காமல் அவற்றை விழுங்க வேண்டாம், மருந்தின் வேலையை அவை கெடுக்கும். பத்திய மருந்து, லேகியம் எதுவானாலும் கேட்டுவிட்டே சாப்பிடுங்கள்.

அதிக அபாயத்துக்குப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பார்கள். அதில் முடி கொட்டும், அலுப்பும் அதிகம். ஆனாலும் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். குறைந்த அபாயத்தில் ஏறக்குறைய எல்லோரும் குணமடைகிறார்கள். நுரையீரலுக்குப் பரவியிருந்தாலும் இது முற்றுப்புள்ளி அல்ல.

இந்த வெற்றிக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1956இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் மின் சியு லி, ராய் ஹெர்ட்ஸ் ஆகியோர் மெத்தோட்ரெக்ஸேட்டால் கோரியோகார்சினோமாவைக் குணப்படுத்தினார்கள். திடக்கட்டிப் புற்றுநோய் ஒன்று மருந்தால் குணமானது அதுதான் முதல் முறை. எக்ஸ்ரேயில் கட்டி மறைந்த பிறகும் ஹார்மோன் எண் இறங்கும்வரை மருந்தை நிறுத்தக் கூடாது என்று லி பிடிவாதமாக இருந்தார். நோயாளிகளை வீணாக வதைக்கிறார் என்று சொல்லி அவரைப் பணியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். ஆனால் அவர் எண் பார்த்துச் சிகிச்சை செய்த பெண்களுக்குத்தான் நோய் திரும்பவில்லை. 1972இல் லாஸ்கர் விருது பெற்றவர்களில் அவரும் ஒருவர். எண் இயல்புக்கு வந்த பிறகும் கூடுதலாகச் சில சுற்று மருந்து கொடுப்பது இன்று உலகம் முழுவதும் வழக்கம்.

உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அடையாளங்கள்: திடீரென்று மிகுதியான இரத்தப்போக்கு, இருமலில் இரத்தம், மூச்சுத்திணறல், தாங்க முடியாத தலைவலி, வலிப்பு, கடும் வயிற்றுவலி. நள்ளிரவானாலும் காத்திருக்க வேண்டாம். அவசரப் பிரிவில் "எனக்கு முத்துப்பிள்ளைக் கர்ப்பம் இருந்தது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மலாய் பேசும் மருத்துவர் என்றால் அங்கூர் என்ற சொல்லே போதும்.

அடுத்த பிள்ளை

கண்காணிப்பு முடிந்து மருத்துவர் அனுமதித்ததும் கருத்தரிக்கலாம். கீமோ எடுத்தவர்கள் சிகிச்சை முடிந்து ஓராண்டு பொறுக்க வேண்டும். 100இல் ஏறக்குறைய 99 பேருக்கு மறுபடியும் முத்துப்பிள்ளை வருவதில்லை. மெத்தோட்ரெக்ஸேட் எடுத்த பிறகு நல்ல பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஏராளம்.

அடுத்த முறை மாதவிலக்கு தள்ளியதும் செய்ய வேண்டியவை மூன்று. கிளினிக்கில் கர்ப்பத்தைப் பதியும்போதே முந்தைய நோயைச் சொல்லி, கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இளஞ்சிவப்புப் பதிவுப் புத்தகத்தில் எழுதவையுங்கள். ஆறேழு வாரத்திலேயே ஒரு ஸ்கேன் கேளுங்கள். திரையில் இதயம் துடிப்பதை உங்கள் கண்ணாலேயே பாருங்கள். பிள்ளை பிறந்து ஆறு வாரம் கழித்து மீண்டும் ஒரு முறை எச்.சி.ஜி. பார்க்க வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், குறிப்பாகக் கீமோ எடுத்திருந்தால். அந்த முறை இரத்தம் கொடுக்கப் போகும்போது கையில் குழந்தை இருக்கும்.